சீர்த்தட்டில் வந்த தோட்டாக்கள்

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பிட்டு முடித்த இலையை மடிக்கக்கூட இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, என் மாமா மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார். அம்மாவின் அண்ணன் அவர். காது மந்தமாகிவிட்டது, முட்டி வலிக்கிறது, காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிறது. இந்தக் கதை மட்டும் மறப்பதில்லை.

"எங்க மாப்ள துப்பாக்கியத் தூக்குனாரு. இந்தக் குட்டி ஒப்பாரியத் தூக்கிட்டா. துப்பாக்கி என்னாடான்னா, டிக்கு. அவ்ளோதான். டிக்கு."

குட்டி என்று என்னைத்தான் கை காட்டினார். பந்தியே சிரித்தது. மோர் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்று சிரித்தார். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த மாப்பிள்ளை, என் அப்பாவும் சிரித்தார். நான் பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்தேன்.

நான் பயந்தவள்தான். இல்லை என்று சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸை அடைத்தோமா என்று திரும்பி வருகிறவள். புவனகிரிப் பாலத்தின் மேல் பஸ் ஏறினால், அந்தக் கரை வரும்வரை முன்சீட்டுக் கம்பியை விடமாட்டேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அன்றிலிருந்து தையல் மெஷின்தான். ஆனால் ஒரு குண்டு ஒரு ஓட்டையில் போகுமா போகாதா என்று பார்க்க எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். அன்றைக்கு அத்தனை பேருக்கும் கண் இருந்தது. பயந்தவள் சொல்லிவிட்டாள் என்பதற்காக ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு புவனகிரிக்கு அந்தாண்டை, வெள்ளாற்றங்கரைப் பக்கம். மேட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பள்ளத்தில் கரும்பும் போடுவோம். ஆற்றோரத்து வேலிக்காத்தான் புதரிலிருந்து பன்றிகள் இறங்கி வந்து, மல்லாட்டைக் கொல்லையை ஏர் ஓட்டியதுபோல் புரட்டிவிட்டுப் போகும். பயிர்க் காவலுக்கென்று தாத்தா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த துப்பாக்கி ஒன்று வீட்டில் உண்டு. தாத்தாவுக்குப் பிறகு லைசென்ஸ் அப்பா பெயருக்கு மாறியது. வெள்ளைக்காரன் காலத்து இரட்டைக்குழல். அப்பா அதைச் சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம்.

துடைக்கிற நாளில் நான்தான் பக்கத்தில் இருப்பேன். துப்பாக்கியை மடக்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு, குழல் இரண்டையும் தனியாகக் கழற்றிப் பாயில் வைப்பார். கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொல்வார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு நிலாக்கள். வலது நிலா பெரியது. இடது நிலா கொஞ்சம் சின்னது. ஏன் என்று கேட்டேன்.

"அது சோக்கு. ரவ செதறாம கொத்தா போவணும்ல. அதுக்கு வாயக் கொஞ்சம் இறுக்கி வச்சிருக்கான்."

கொக்கு, நரிக்குப் போடுகிற தோட்டாவில் மிளகு மாதிரி சின்னச் சின்ன ரவைகள் இருக்கும். ஒன்றையொன்று ஒதுக்கிக்கொண்டு இறுகலான வாய் வழியாகவும் போய்விடும். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ரவைத் தோட்டா தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் குழலை மாட்டி, வெடித்து முடிந்த பழைய தோட்டாக் கூடு ஒன்றை உள்ளே வைத்து, விசையைத் தட்டிப் பார்ப்பார். சிவப்பு நிறம், வெளுத்துப்போனது. வெறுங்குழலில் தட்டினால் உள்ளே இருக்கிற ஊசி உடைந்துவிடுமாம். அதற்காகவே அந்தக் காலிக் கூட்டை மரப்பெட்டியில் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. டிக். டிக். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஒன்றும் ஆகாது என்று தெரிந்து கேட்கிற சத்தம் அது ஒன்றுதான்.

தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்தபோதுதான் வினை ஆரம்பித்தது. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு நடை வந்த புதிது. காது குத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். அவர் சீர் கொண்டுவந்து இறக்கி, பிள்ளையை மடியில் உட்காரவைத்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மாமாவுக்குக் காட்டுமன்னார்கோயிலில் மோட்டார் பம்பும் தண்ணீர் பாய்ச்சுகிற ஓசும் விற்கிற கடை. கை தாராளம். அதைவிட வாய் தாராளம். மற்றவன் செய்யாத சீர் செய்யவேண்டும் என்று ஒரு வெறி அவருக்கு. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ரவைய வச்சிகினு பன்னிய சொறிஞ்சி வுட்டா போதுமா மாப்ள? ஒத்தக் குண்டு வாங்கித் தரேன். சீரோட வரும். ஊரே பாக்கட்டும்."

அப்பா ஏதோ முனகினார். அம்மா முகம் பூரித்துப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு முனகலையும் நிறுத்திக்கொண்டார்.

லைசென்ஸ் வைத்திருப்பவர் நேரில் போனால்தான் தோட்டா தருவார்கள். ஆகவே கடலூருக்கு மாமாவும் அப்பாவும் போனார்கள். காது குத்துக்கு எனக்குப் பாவாடை சட்டை எடுக்கவேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். துப்பாக்கிக் கடை என்றால் பயங்கரமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கண்ணாடி அலமாரி, ஊதுபத்தி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர். அவ்வளவுதான். அவர் மேசையில் பேப்பர் பறக்காமலிருக்கத் தனியாக ஒரு ஈயக் குண்டை வைத்திருந்தார். தோட்டாவுக்குள் இருக்கிற குண்டு அதுதான் என்று மாமா எடுத்துக் காட்டினார். என் கட்டைவிரல் பருமன் இருந்தது. அதன் அளவுக்கு நான் நினைக்காத கனம்.

கடைக்காரர் அப்பாவிடம், உங்களுடையது என்ன குழல், வாய் இறுக்கமா, திறந்ததா என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா பதில் சொன்னார். "ஒண்ணு இறுக்கம், ஒண்ணு லூசு. இறுக்கமானதுல போட்டா இன்னும் வேகமாப் போவும். ஓசு வாயில கட்டவெரல வச்சி அமுக்குனா தண்ணி தூரம் போவுதுல்ல? அதே கணக்குதான்."

கடைக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். ஈயம் மெத்தென்று இருப்பதால் புதுத் துப்பாக்கியில் சில குண்டு நசுங்கிக்கொடுத்து இறுகலான வாய் வழியாகவும் வெளியே போய்விடும். ஆனால் பழைய குழலை நம்ப முடியாது, வாய்ப்பக்கம் தோல் மெல்லிசாக இருக்கும், குண்டு போய் அடைத்தால் வீங்கும், இல்லாவிட்டால் கிழியும் என்றார். "துப்பாக்கிய எடுத்தாந்து காட்டுங்க, அளந்து சொல்றேன். அளக்காம எடதுல போடாதீங்க. வீட்ல பாக்கணும்னா, துப்பாக்கி காலியா இருக்கறப்ப, இந்த வெறுங் குண்டப் பின்பக்கமா உள்ள வுட்டுப் பாருங்க. அதுவா உருண்டு முன்னால வுழுந்தா சரி. நின்னா வேணாம். வுழுந்தாலும் பழைய குழல ஒருதரம் காட்டிட்டுத்தான் சுடணும்."

மாமா சரி சரி என்றார். ஓசு வாங்க வருகிறவர்களிடம் அவர் சொல்கிற அதே சரி சரி. அவர் கதை போகட்டும். அந்தக் கடைக்காரர்? அத்தனையும் சொன்னவர், சொல்லி வாய் மூடுவதற்குள் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதி, தோட்டாப் பெட்டியை எடுத்து நீட்டினார். துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டு, அப்புறம் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் தலை என்கிற மாதிரி மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மேசையில் இருந்த வெறுங்குண்டை மாமா கேட்டு வாங்கி என் கையில் வைத்தார். "இந்தா பாப்பா, கம்மல் செஞ்சி போட்டுக்க."

தோட்டாப் பெட்டியை மாமாவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். லைசென்ஸ்காரர் கையில்தான் இருக்கவேண்டும் என்று அப்பா பஸ் ஸ்டாண்டில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். சீர் என்றால் சீரோடுதான் வரவேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் வழியெல்லாம் அந்த ஈயக் குண்டை உள்ளங்கையில் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தேன். பாவாடை என்ன நிறத்தில் எடுத்தார்கள் என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா துப்பாக்கியைத் துடைக்க எடுத்தார். குழல் இரண்டும் தனியாகப் பாயில் கிடந்தன. நான் குண்டைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் வாங்கி, வலது குழலின் பின்பக்கம் விட்டு, குழலைச் சாய்த்தார். குண்டு கொரகொரவென்று உருண்டுபோய் முன்பக்கம் பாயில் விழுந்தது. அடுத்து இடது. உருண்டது. வாய்க்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றது. குழலைச் செங்குத்தாகப் பிடித்தார். உதறினார். வரவில்லை. நான் குனிந்து வாய் வழியே பார்த்தேன். உள்ளே ஈயத்தின் மழுங்கிய மூக்கு தெரிந்தது. எட்டிப் பார்க்கிற ஒரு பிராணி மாதிரி.

நான் பார்த்ததை அப்பாவும் பார்த்தார். இதை அழுத்திச் சொல்கிறேன். அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடைக்கிற கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டுக் குண்டைப் பின்னால் தள்ளி எடுத்தார். குழலை மறுபடி துடைத்தார்.

"மாமாகிட்ட சொல்லாத" என்றார்.

எதைச் சொல்லவேண்டுமோ அதைச் சொல்லாதே என்கிறாரே. அடுப்பில் பால் பொங்கினால் கத்துகிறோம். குழல் கிழியும் என்று தெரிந்தால் சொல்லக்கூடாதாம். காது குத்துக்கு முந்தின நாள் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி சுடும்போது குழலைத் தாங்குகிற கை அது. எனக்குச் சாதம் பிசைந்து தரும்போது தட்டைப் பிடித்துக்கொள்கிற கையும் அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். மாமாவிடம் சொல்லாதே என்றுதானே சொன்னார், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே. அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். பாதி கேட்டாள். "எங்கண்ணன் ஆசயா வாங்கியாந்தத நீ ஒண்ணு சொல்லிக் கெடுக்காத" என்றாள். அத்தையிடம் சொன்னேன். அப்பாவின் தங்கை அவள். அவளுக்கு மாமாவின் மேல் ஏற்கெனவே ஒரு கடுப்பு உண்டு. "வெடிக்கட்டும், ஒங்கம்மாவோட அண்ணன் லட்சணம் தெரியட்டும்" என்று சிரித்தாள். வெடித்தால் போகிற கை தன் அண்ணனுடையது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் காலையில் இரண்டு வேன் நிறைய ஆட்களோடு, பேண்டு வாத்தியம் முழங்க மாமா வந்து இறங்கினார். தெருமுனையிலிருந்து வரிசையாகத் தட்டுகள். வாழைப்பழத் தட்டு, தேங்காய்த் தட்டு, தம்பிக்குத் தங்கக் கடுக்கன், வெள்ளி அரைஞாண், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் துணி. எல்லாவற்றுக்கும் நடுவில், மாமாவின் பெரிய மகள் தலைக்கு நேராகத் தூக்கிவந்த பித்தளைத் தாம்பாளத்தில், பச்சை நிறத் தோட்டாக்கள் பூவுக்கு நடுவே நிற்கவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சளும் குங்குமமும். ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். வெல்லத் தட்டுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் எடுத்த அதே ஆரத்தியைத் தோட்டாவுக்கும் எடுத்தார்கள். குங்குமம் வைத்துவிட்டால் குண்டு சின்னதாகிவிடுமா? இதைக் கேட்கத்தான் அன்றைக்கு அங்கே ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீரில் வந்த துணியை அப்போதே கட்டிக்கொண்டு வந்து நிற்கவேண்டும். கடுக்கனை அப்போதே போடவேண்டும். வாங்கி உள்ளே வைத்துவிட்டால் மாமன் சீர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்பா புது வேட்டி சட்டையோடு வந்து நின்றார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. மாமா மணையில் உட்காரவில்லை.

"எல்லாம் ஆச்சி. நான் வச்ச நடுத்தட்ட மட்டும் யாரும் தொடல. அது வெடிக்காம நான் எப்பிடி மாப்ள புள்ளய மடியில வப்பேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உட்காரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். ஸ்டேஷனில் கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா கேட்டார். "பன்னி வெரட்டுனேன்னு சொல்லு." மாமாவோடு வந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கெஞ்சல் பாதி, அதட்டல் பாதி.

அப்பா உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தார். வர நேரம் பிடித்தது.

கொல்லைக்கு எல்லோரும் போனோம். பனைமரத்தைக் காட்டி அதில் சுடச் சொன்னார் மாமா. அதற்கு மட்டும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பனையில் படாமல் தாண்டிப் போனால் அந்தாண்டை ஆள் இருக்கும் என்று சொல்லி, தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்தில் இறங்கி, உயரமான மண்கரையைப் பார்த்து நின்றார். ஆட்களையெல்லாம் தனக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி நிற்கவைத்தார். தாம்பாளத்திலிருந்து ஒரு தோட்டா எடுத்துக் குங்குமத்தை வேட்டியில் துடைத்தார். வலது குழலில் போட்டு முன்விசையைத் தட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். அப்படியும் வயிற்றுக்குள் இடித்தது. எதிர்க்கரையில் மண் புகைந்து எழுந்து சரிந்தது. பேண்டுக்காரர்கள் அவர்களாகவே ஒரு தட்டு தட்டினார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

"இது லூசு. இப்ப எடதுல போடு மாப்ள. அதான் ஓசு. அப்ப பாரு வேகத்த."

எனக்கு அதற்கப்புறம் நடந்தது துண்டு துண்டாகத்தான் தெரியும். அப்பா தாம்பாளத்தில் கை வைத்தார். எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று துப்பாக்கியை மடக்கினார். நான் ஓடினேன். மேடு பள்ளம் பார்க்கவில்லை. புதுப் பாவாடை தடுக்கிக் குளத்துச் சரிவில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே கத்தினேன். "வேணாம்ப்பா. எடதுல போவாது. நாம பாத்தோமேப்பா. அங்கியே நின்னுச்சேப்பா."

யாராவது ஒருத்தர், அந்தக் குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கலாம். ஒருத்தர் போதும். நல்ல நாளும் அதுவுமாக ஒப்பாரி வைக்கிறாளே என்றது ஒரு குரல். வாத்தியார் பெண்ணாட்டம் பேசுகிறாள் என்றது இன்னொன்று. மாமா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "பாப்பா, கம்மல் செஞ்சிப் போட்டுக்கன்னு குடுத்தா, நீ கணக்கு போட்டுட்டியா?" அம்மா வந்து என் கையைப் பிடித்துத் தூக்கி, எல்லார் முன்னாலும் முதுகில் ஒரு அறை வைத்தாள்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அத அந்தாண்ட இட்டுனு போ" என்றார். என்னை அவர் 'அது' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

துப்பாக்கியைத் தோளில் வைத்தார். நான் அம்மாவின் பிடியில் இருந்துகொண்டே அந்த இடது கையைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கடைசியாக ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

டிக்.

அப்பா துப்பாக்கியை இறக்காமல், கரையைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு, கிட்டே யாரும் வரக்கூடாது, சில தோட்டா தாமதமாக வெடிக்கும் என்று சொன்னார். அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. மாமாவின் கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், கொல்லை முழுக்கச் சிரிப்பு.

"என்னா மாப்ள, தும்மக்கூட மாட்டேங்குது?"

"எடது பக்கம் ஊசி தேஞ்சிருக்கும் மச்சான். உங்க தோட்டா நல்ல தோட்டாதான். என் துப்பாக்கிதான் கெழடு."

"துப்பாக்கி மட்டுமா" என்றார் மாமா. அதற்கும் ஒரு சிரிப்பு. அப்பாவும் கூடச் சிரித்தார். ஒன்று வெடித்ததே, போதும் என்று மாமா பெரிய மனதோடு அறிவித்துவிட்டு, மணையில் போய் உட்கார்ந்து தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். எல்லோரும் அங்கே ஓடினார்கள். தம்பி வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அப்பா எங்கே, அப்பா எங்கே என்று அம்மா கூப்பிடுகிற சத்தமும் கேட்டது.

அப்பா மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்தார். நான் போனேன். முதுகு எரிந்துகொண்டிருந்தது. குழலைத் தரையைப் பார்க்கச் சாய்த்துத் துப்பாக்கியை மடக்கினார். வலது குழலிலிருந்து பச்சைக் கூடு வெளியே வந்தது. இடதிலிருந்து வந்தது பச்சை இல்லை. வெளுத்துப்போன சிவப்பு. மரப்பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிற அதே காலிக் கூடு. முழுசான பச்சைத் தோட்டா ஒன்று அவர் சட்டைப் பையில் முட்டிக்கொண்டு தெரிந்தது.

என்னைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். சிவப்புக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஈரக் கண்ணோடு இருந்த தம்பியைத் தூக்கிக்கொள்ளப் போனார்.

மீதித் தோட்டாக்கள் வலது குழலிலேயே தீர்ந்தன. கடைக்காரர் ஒருநாள் துப்பாக்கியை அளந்து பார்த்துவிட்டு, வலதில் போடலாம், இடதில் ரவை தவிர ஒன்றும் கூடாது என்று சொன்னாராம். அப்பா போய்க் காட்டிவிட்டு வந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

என் பெண்ணுக்குக் காது குத்திய வருஷம் என்று நினைக்கிறேன். மெஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். மெல்லிய துணிக்கு ஒரு ஊசி, ஜீன்ஸுக்கு ஒரு ஊசி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் எனக்குக் கை தவறாது. அப்போதுதான் உறைத்தது. துணிக்குள் சுற்றி, பெட்டிக்குள் வைத்திருந்த சிவப்புக் கூடு, எப்படித் தானாக நடந்து குளத்துக்கு வரும்? மாதா மாதம் ஒவ்வொன்றாகத் துடைத்து வைக்கிற மனுஷன், பச்சைக்கும் சிவப்புக்கும் கை தவறுவாரா?

புரிந்த பிறகும் எனக்குக் கோபம்தான் வந்தது. முன்பைவிட அதிகமாகவே. மச்சான் முகம் சுண்டக்கூடாது, அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் பேச்சு வரக்கூடாது, மடி கொடுக்காமல் எழுந்து போய்விடக் கூடாது. எல்லாம் சரி. அதற்காகத் தன்னைக் கிழடு என்று சொல்லிக்கொள்ளவேண்டுமா? இத்தனை வருஷமாகப் பந்திக்குப் பந்தி அந்த டிக்குக்குச் சிரித்துக் கொடுக்கவேண்டுமா? இதில் குண்டு போகாது மச்சான் என்று நாலு வார்த்தை. அதைச் சொல்ல முடியாத அளவுக்கு என்ன பெரிய சீர் அது? முதுகில் அறை வாங்கியவளிடமாவது கொட்டகைக்குப் பின்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மண்டபத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன்ப்பா இன்னும் சிரிக்கிற என்று. "அவரு சந்தோஷமா சொல்றாரு, வுடு" என்றார். வெளியே பார்த்துக்கொண்டார்.

காது குத்து அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. அப்பா பதற்றத்தில் தோட்டாவுக்குப் பதில் காலிக் கூட்டைப் போட்டுவிட்டார், கை தவறியதால் பிழைத்தார் என்றுதான் நினைத்தேன். நினைக்க நினைக்க ஆத்திரம். துப்பாக்கி விஷயத்தில் இப்படியா அசட்டையாக இருப்பது? இன்றைக்குக் காலியை முழுசென்று போட்டவர், நாளைக்கு முழுசைக் காலியென்று நினைத்துத் தட்டிவிட்டால்? துடைத்துவிட்டு விசையைத் தட்டிப் பார்க்கும்போது தவறான தோட்டா உள்ளே இருந்தால்?

வேன்கள் போனபிறகு, அப்பா கழற்றி ஆணியில் மாட்டியிருந்த புதுச் சட்டையின் பையிலிருந்து அந்தச் சிவப்புக் கூட்டை எடுத்தேன். வாய்க்கால் மதகுக்குப் போய், தண்ணீர் வேகமாக இழுக்கிற இடம் பார்த்து வீசினேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு மதகுக்குள் போய்விட்டது. இனி ஒன்றோடு ஒன்று மாறாது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்துத் துடைக்கிற ஞாயிற்றுக்கிழமை அப்பா மரப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். துணிகளை உதறினார். பாயைத் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தடவினார். பொங்கலுக்கு மாமா வருகிறாராம், இந்தத் தடவை இடதில் சுட்டே ஆகவேண்டுமாம் என்று அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள். அப்பா இன்னும் வேகமாகத் தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இனிமேல் பயமில்லைப்பா, அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன்.